ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டால சமூகத்துக்கு என்ன ஆகிடப்போகுது?

கேள்வி: அண்ணா, நாங்க நாலு பேர் சேர்ந்து முகத்தை வச்சு அட்டென்டன்ஸ் போடற சிஸ்டம் பண்றோம். கைடு 'சமூகத் தாக்கம்'னு ஒரு சேப்டர் எழுதிட்டு வரச் சொல்லிட்டார். காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு அப்படி என்ன சமூகத் தாக்கம் இருக்கப்போகுது? ரெண்டு பக்கத்துக்கு எதையாவது எழுதிக் குடுத்தா போதாதா?

பிப்ரவரி 9

மார்க்குக்குப் போதும். நேரம் மிச்சம், காகிதம் மிச்சம், ஒருத்தருக்கு இன்னொருத்தர் ப்ராக்ஸி குடுக்கறது ஒழியும்னு மூணு வரி எழுதி, ஐ.நா.வோட வளர்ச்சி இலக்குகள் இருக்கற 17 கலர் கட்டத்துல இருந்து 8ஐயும் 9ஐயும் எடுத்து கீழ ஒட்டினா ரிவ்யூல ஒருத்தரும் எதிர்க்கேள்வி கேட்க மாட்டாங்க.

ஆனா இந்த டைட்டிலுக்கு அந்த சேப்டரைத்தான் முதல்ல எழுதணும்னு நான் நினைக்கிறேன். என் சித்தப்பா பையனும் இந்த செமஸ்டர்ல இதே ப்ராஜெக்ட்தான் பண்றான். அவன் டீம்ல ஒரு பையனோட அம்மா திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில செக்கிங்ல இருக்காங்க, அவங்க மூலமா ஓனர்கிட்ட பேசி, அங்கயே வச்சு ஓட்டிப் பார்க்கறதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. நான் சாஃப்ட்வேர்ல இருக்கறதால சந்தேகம் வந்தா என்கிட்ட வருவானுங்க. ஓனர் பசங்ககிட்ட சொன்னது ஒரே வரிதான்: "நல்லா ஓடுச்சுன்னா அடுத்த மாசத்துல இருந்து அட்டென்டன்ஸ் நோட்டை எடுத்துரலாம் தம்பி."

நோட்டை எடுத்துட்டா அதுக்கப்புறம் சனிக்கிழமை சம்பளம் உங்க கோடு சொல்றபடிதான். காலேஜ் ப்ராஜெக்ட் அங்கதான் காலேஜை விட்டு வெளிய வருது.

பிப்ரவரி 9, ராத்திரி

இன்னொண்ணு. இன்ஜினியரிங் படிப்புக்கு என்பிஏ குடுக்கற அங்கீகாரத்துக்குன்னு காலேஜ்ல 12 பிஓ, அதாவது படிச்சு முடிக்கறவங்ககிட்ட இருக்க வேண்டிய தகுதிகள், வச்சிருந்தாங்க, நாங்க படிக்கறப்பவே ஒவ்வொரு பாடத்துக்கும் டேபிள் போட்டு டிக் அடிப்பாங்க. அதுல 6வது 'இன்ஜினியரும் சமூகமும்', 8வது நெறிமுறை. ஆக இது உங்க கைடு புதுசா கண்டுபிடிச்சு கஷ்டப்படுத்தற விஷயம் இல்ல, ரொம்ப நாளா இருக்கறது, டிக் அடிக்கறதோட நின்னுபோச்சு அவ்ளோதான்.

பிப்ரவரி 11

ஒரு ஸ்டூடன்ட் ப்ராஜெக்ட் எவ்ளோ தூரம் போகும்னு தெரியணும்னா உங்க டைட்டிலோட வரலாறையே பாருங்க, அது தொடங்கினதே மாணவர்கள் கையிலதான். 1970ல ஒசாகால உலகப் பொருட்காட்சி நடந்தப்ப என்இசி கம்பெனி ஒரு வேடிக்கை வச்சிருந்தது, வந்தவங்க முகத்தைப் படம் எடுத்து நீங்க எந்தப் பிரபலம் மாதிரி இருக்கீங்கன்னு சொல்றது. அப்படிச் சேர்ந்த நூத்துக்கணக்கான முகங்களை வச்சுத்தான் டகேயோ கனாடே கியோட்டோ யூனிவர்சிட்டில ஆராய்ச்சி மாணவரா இருந்து 1973ல தீசிஸ் முடிச்சார். கம்ப்யூட்டர் தானா முகத்துல கண்ணு எங்க, மூக்கு எங்க, தாடை எங்கன்னு அளந்து ஆளைச் சொல்ற சிஸ்டத்துல ஆரம்பகாலத்து முக்கியமான வேலை அது. பொருட்காட்சிக்கு வேடிக்கை பார்க்கப் போனவங்களுக்கு அவங்க முகம் எங்க போய் நிக்கப்போகுதுன்னு அன்னைக்கு என்ன தெரிஞ்சிருக்கும்?

அடுத்தது நான் எல்லா ஜூனியர்கிட்டயும் சொல்ற ஒண்ணு. ஜாய் புவோலாம்வினி அமெரிக்காவுல எம்ஐடி மீடியா லேப்ல மாஸ்டர்ஸ் படிச்சிட்டிருந்தாங்க. கண்ணாடி மாதிரி ஒரு வகுப்பு ப்ராஜெக்ட், நம்ம முகத்து மேல வேற உருவம் வந்து விழணும். சாஃப்ட்வேர் அவங்க கருப்பு முகத்தை முகம்னே எடுத்துக்கல, பக்கத்துல கிடந்த வெள்ளை முகமூடியைப் போட்டா உடனே எடுத்துக்கிச்சு. வேற யாரா இருந்தாலும் லைட்டை மாத்திட்டு டெமோவை முடிச்சிருப்பாங்க. அவங்க அதையே தீசிஸ் ஆக்கினாங்க, 2017ல முடிஞ்சது. 2018ல டிம்னிட் கெப்ருங்கற ஆராய்ச்சியாளரோட சேர்ந்து பேப்பரா வந்தது.

சோதிக்கறதுக்கான முகப் படத்தொகுப்பை, அதாவது டேட்டாசெட்டை, அவங்க எப்படிச் சேர்த்தாங்கங்கறதைத்தான் நீங்க படிக்கணும். ருவாண்டா, செனகல், தென்னாப்பிரிக்கா, ஐஸ்லாந்து, பின்லாந்து, ஸ்வீடன், இந்த 6 நாட்டு எம்பிக்களோட படம், மொத்தம் 1270 பேர். எம்பி படம்னா பொதுவுல இருக்கறது, ஆணும் பெண்ணும் ஓரளவுக்குச் சமமா இருக்கற பார்லிமென்ட்டாப் பார்த்து எடுத்தாங்க, நிறத்துலயும் ரெண்டு பக்கமும் வந்துருச்சு. அதை ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், ஃபேஸ் பிளஸ் பிளஸ் மூணு கம்பெனி சாஃப்ட்வேர்லயும் குடுத்து ஆணா பெண்ணான்னு மட்டும் கேட்டாங்க. வெளுப்பான ஆண்கள்ல தப்பு அதிகபட்சம் 0.8%. கருத்த பெண்கள்ல 34.7% வரைக்கும் போச்சு. மொத்த அக்யூரசின்னு ஒரே நம்பர் போட்டிருந்தா இது யார் கண்ணுலயும் பட்டிருக்காது, ஆளைப் பிரிச்சுப் பார்த்ததாலதான் பட்டது.

பெரிய மெஷினும் வேண்டியதில்ல, பெரிய காசும் வேண்டியதில்ல. யாரைச் சேர்த்து எண்றோம்ங்கற ஒரே கேள்வியை உக்காந்து பிடிச்சுக்கிட்டாங்க.

பிப்ரவரி 12

ஒருத்தர் கேட்டாங்க, நாங்க யாரோ எழுதி வச்ச ரெடிமேட் கோடு லைப்ரரிதானே போடறோம், அதுலயே 99.38% அக்யூரசின்னு போட்டிருக்கேன்னு.

போட்டிருக்கு, பொய் இல்ல. டிலிப் (dlib)ங்கற முக அடையாள மாடலை வச்சு எழுதின face_recognitionங்கற பைத்தான் லைப்ரரியைத்தான் நம்ம ஊர்ல முக்காவாசி டீம் எடுக்கறாங்க, ஒவ்வொரு முகத்தையும் 128 எண்ணா மாத்தும், ரெண்டு முகத்துக்கு நடுவுல தூரம் 0.6க்குக் கீழ இருந்தா ஒரே ஆள்னு எடுத்துக்கும். அந்த 99.38% இந்த மாதிரி சாஃப்ட்வேரைச் சோதிக்கறதுக்குன்னு இருக்கற எல்எஃப்டபிள்யூ டேட்டாசெட்ல வந்தது. 2007ல வெளிவந்தது, 5,749 பேர், 13,233 படம், எல்லாம் நியூஸ்ல வந்த பிரபலங்க. ஜார்ஜ் புஷ் ஒருத்தருக்கு மட்டும் 530 படம். அதுல இருக்கறவங்கள்ல முக்காவாசிக்கு மேல ஆண்கள், அதைவிட அதிகமா வெள்ளைக்காரங்க. பிரஸ் கேமராக்காரன் நல்ல வெளிச்சத்துல எடுத்த அமெரிக்க அதிபர் முகத்துக்கும், முகப்புக் கம்பி கேட்ல அவசரமா நுழையற நம்ம அக்கா முகத்துக்கும் ஒரே நம்பர் எப்படிச் செல்லும்?

அந்த லைப்ரரி எழுதினவரே குறிப்புல தெளிவாச் சொல்லியிருக்கார், இது பெரியவங்க முகத்துல பழக்கினது, குழந்தைங்க முகத்துல சரியா வராது, ஒருத்தரை ஒருத்தர்னு எளிதாக் குழப்பிக்கும்னு. ஸ்கூல் அட்டென்டன்ஸ் ப்ராஜெக்ட் பண்றவங்க எத்தனை பேர் அந்த வரியைப் படிச்சிருப்பாங்க? தயவுசெஞ்சு படிங்க.

பிப்ரவரி 20

இன்னைக்கு நானே கம்பெனிக்குப் போயிருந்தேன். கொஞ்சம் நீளமா எழுதறேன், ஏன்னா லேப்ல உக்காந்து யோசிச்சா இது எதுவும் தோணாது.

எட்டரைக்கு ஷிப்ட். எட்டு மணிக்கு மேலயே வேன் வந்து இறக்கிவிடுது, பஸ்ல வர்றவங்க, டிவிஎஸ் 50ல வர்றவங்க, ஹாஸ்டல்ல இருந்து நடந்து வர்ற ஒடிசா பசங்கன்னு எல்லாரும் ஒட்டுக்கா ஒரே கேட்ல. பசங்க வாட்ச்மேன் டேபிள் மேல ஒரு அட்டைப்பெட்டியைக் கவுத்து அதுமேல டேப்லெட்டைச் சாய்ச்சு வச்சிருந்தானுங்க. கேட் கிழக்குப் பார்த்தது. அப்ப வர்றவங்க முதுகுப் பக்கம் சூரியன், கேமராவுக்கு அவங்க முகம் முழுசும் நிழல்.

முகத்தைத் தேடறதுக்கு இவனுங்க போட்டிருந்தது ஹார் கேஸ்கேட். அது வேலை செய்யறதே வெளிச்சமும் இருட்டும் மாறி வர்ற இடத்தை வச்சுத்தான்: கண்ணுப்பகுதி கன்னத்தைவிட இருட்டா இருக்கும், மூக்குத்தண்டு ரெண்டு பக்கத்துக் கண்ணையும்விட வெளிச்சமா இருக்கும், இப்படிக் கட்டம் கட்டமாப் பார்த்துக்கிட்டே போகும். 2001ல வயோலாவும் ஜோன்ஸும் எழுதினப்ப பிரமாதமான வேலை அது, சாதாரண கம்ப்யூட்டர்லயே வேகமா ஓடுச்சு. ஆனா முதுகுல வெயில் அடிக்கறப்ப, கருத்த முகத்துல கண்ணும் கன்னமும் கேமராவுக்கு ஒரே இருட்டு. இல்லாத வித்தியாசத்தை அது எங்க போய்த் தேடும்?

பிசிர் வெட்டற ஒரு அம்மா வந்து நின்னாங்க, ஐம்பத்தஞ்சு வயசு இருக்கும். பஞ்சுத் தூசிக்காகத் துண்டைத் தலையைச் சுத்தி வாய் வரைக்கும் கட்டியிருந்தாங்க. டேப்லெட்ல பச்சைக் கட்டம் வரல. துண்டை இறக்கச் சொன்னான் பையன், இறக்கினாங்க. வரல. கிட்ட வரச் சொன்னான், தள்ளி நிக்கச் சொன்னான், நிமிரச் சொன்னான். பின்னாடி கூட்டம் சேர்ந்துருச்சு, "அக்கா ஒதுங்குங்க, நேரமாச்சு"ன்னு ஒரு டெய்லர் சத்தம் போட்டார். அந்த அம்மா ஒதுங்கி, செருப்பு விட்டிருக்கற பக்கமாப் போய் நின்னுக்கிட்டு, "நான்தான் நேர்ல வந்து நிக்கறனே கண்ணு, இது என்னைய ஏன் தெரியலங்குது?"ன்னு கேட்டாங்க. என் தம்பிக்குப் பதில் சொல்லத் தெரியல. இருட்டு, வெளிச்சம்னு ஏதோ ஆரம்பிச்சு நிறுத்திட்டான்.

இப்ப நோட்டும் கூடவே ஓடுது, அதனால அவங்களுக்கு சம்பளம் போகல. ஆனா அந்தக் கம்பெனில பத்து நிமிஷம் தாண்டினா கால் ஷிப்ட் போகும். நோட்டு இல்லாத ஒரு காலையை நினைச்சுப் பாருங்க.

பிப்ரவரி 21

அந்த அம்மா கேட்டதுதான் உங்க சேப்டர். தலைப்பா வேணும்னாலும் அதையே போடுங்க.

பிப்ரவரி 21, மத்தியானம்

கணக்கு சொல்லிடறேன். இவனுங்க ரிப்போர்ட் சுருக்கத்துல (அப்ஸ்ட்ராக்ட்) போட்டிருந்த அக்யூரசி 97%. கேட்க நல்லா இருக்கு. 400 பேர் வேலை செய்யற இடத்துல 97%ன்னா தினம் 12 பேருக்கு வரல. எல்லாரும் அந்த 12ஐப் பார்த்துட்டு, இன்னைக்கு இவர், நாளைக்கு அவர், சுத்தி சுத்தி வரும், யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லன்னு நினைச்சுக்கறாங்க. சிஸ்டம் தானா பதிஞ்சு வைக்கற லாக் எடுத்துப் பார்த்தோம், அப்படி வரல. அதே ஆளுங்க. வயசானவங்க, நிறம் கொஞ்சம் அதிகமாக் கருத்தவங்க, புதுசா சேர்ந்து ஒரே படத்தோட பதிவு பண்ண பசங்க. மத்தவங்களுக்கு அது 100%, இவங்களுக்கு பாதிநாள் வேலை செய்யல.

97%ங்கறது அவங்க எல்லாரையும் ஒரே நம்பருக்குள்ள போட்டு மூடிடுது. தினம் காலைல கூட்டத்து முன்னாடி ஒதுங்கி நிக்கறது எப்படி இருக்கும்னு கொஞ்சம் யோசிங்க. நம்ம ஊர்ல ஒதுக்கி நிறுத்தறதுக்கு ஒரு பழைய வரலாறு இருக்கு, நிறத்தைப் பார்த்துப் பேசறதுக்கும் இருக்கு. புதுசா ஒரு மெஷின் வந்து அதே ஆளுங்களை மறுபடி ஒதுக்கினா அதைச் சும்மா லைட்டிங் ப்ராப்ளம்னு எழுதிட்டுப் போக எனக்கு மனசு வரல.

பிப்ரவரி 23

97% எங்கிருந்து வந்துச்சுன்னும் தோண்டினோம். புதுசா சேர்ந்தவங்களைத் தவிர ஒவ்வொருத்தருக்கும் ஆபீஸ் ரூம்ல ட்யூப்லைட் கீழ வரிசையா 50 படம் கிளிக் கிளிக்னு எடுத்திருக்கானுங்க, அதுல 40ஐப் பழக்க, 10ஐ டெஸ்ட்டுக்கு. ஒரே நிமிஷத்துல எடுத்த படம், ஒரே சட்டை, ஒரே வெளிச்சம். கேள்வித்தாளை முந்தின நாளே குடுத்துட்டுப் பரீட்சை வச்ச கதை. நான் பார்த்த எத்தனையோ ரிப்போர்ட்ல இப்படித்தான் இருக்கு, ப்ராஜெக்ட் சென்டர்ல வாங்கற ரெடிமேட் கோடுலயும் இதே ஸ்ப்ளிட்தான் வரும்.

ஒரு நாள் எடுத்த படத்துல பழக்குங்க, வேற ஒரு நாள், கேட்கிட்ட, காலை வெயில்ல எடுத்ததுல டெஸ்ட் பண்ணுங்க. நம்பர் விழும். விழட்டும்.

பிப்ரவரி 27

ஒரே ஆள்னு எடுத்துக்கற அந்த 0.6 தூரத்தைக் கூட்டி 0.65, 0.7ன்னு வச்சா ஒதுங்கறவங்க குறைவாங்களேன்னு ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க. பசங்களும் அதைத்தான் முதல்ல செஞ்சானுங்க. குறைஞ்சது உண்மை. ஆனா முகமே கிடைக்காதவங்களுக்கு அது உதவாது, ஏன்னா அவங்க அந்தப் படிக்கே வரல, முன்னாடியே விழுந்துட்டாங்க. அதோட அக்கா தங்கச்சி ரெண்டு பேர் ஓவர்லாக் தையல்ல இருக்காங்க, தங்கச்சி வந்து நின்னா அக்கா பேர்ல விழுந்துச்சு. அக்கா அன்னைக்கு லீவு. ஒரு வீட்டுக்கு ரெண்டு சம்பளக் கணக்குல குழப்பம்.

ஒரு பக்கம் தளர்த்தினா இன்னொரு பக்கம் இறுகும், அந்த எண்ணை எங்க வைக்கறதுன்னு பைத்தான் சொல்லாது. யார் தலைல தப்பு விழட்டும்னு நாமதான் முடிவு பண்றோம், அதையும் ஓனரும் ரெண்டு பையனும் மட்டும் உக்காந்து பண்றோம். அந்த கேட்ல நிக்கப்போறவங்கள்ல ஒருத்தரையாவது கேட்டிருக்கணும்ல? செக்கிங்ல இருக்கற அந்தப் பையனோட அம்மாவையும், பிசிர் அம்மாவையும், ஒடிசா பசங்கள்ல தமிழ் நல்லாப் பேசற ஒருத்தனையும் டீ டைம்ல உக்கார வச்சுக் கேட்டோம். மூணு பேரும் சொன்னது ஒண்ணுதான்: வாட்ச்மேனுக்கு எங்களைத் தெரியும், அவர் கைல ஒரு பட்டன் குடுங்க.

இவ்ளோ எளிதான விஷயம் எங்க டிசைன்ல இல்லவே இல்ல.

மார்ச் 6

"டெக்னாலஜி வளரும், சிலருக்கு மட்டும் தப்பு அதிகமா வர்ற இந்த பயாஸ் எல்லாம் தானா சரியாயிடும்"னு ஒருத்தர். பாதி சரி. தானா ஆகல. 2018 பேப்பர் வந்தப்புறம் அதே கம்பெனிகளை மறுபடி ஆடிட் பண்ணி 2019ல இன்னொரு பேப்பர் வந்தது, டெபோரா ராஜியும் புவோலாம்வினியும் எழுதினது. ராஜி அப்ப டொரன்டோல இன்ஜினியரிங் ஸ்டூடன்ட். முதல் தடவை பேர் சொல்லிக் காட்டின மூணு கம்பெனியும் தப்பைக் கணிசமாக் குறைச்சிருந்தாங்க, முதல் ஆடிட்ல சேராத அமேசான்ல கருத்த பெண்களுக்கு இன்னும் 31% பக்கம் இருந்தது. ஆள் பார்த்து, அளந்து, பேர் சொன்ன இடத்துல மாறியிருக்கு.

அளந்தது போய்ச் சேர்ந்த இடத்தையும் பாருங்க. 2019 டிசம்பர்ல அமெரிக்க அரசோட தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 189 முக அடையாள அல்காரிதத்தைச் சோதிச்சு, பலதுல இனத்தைப் பொறுத்து ஒருத்தரை இன்னொருத்தர்னு சொல்ற தப்பு 10ல இருந்து 100 மடங்கு வரைக்கும் வித்தியாசப்படுதுன்னு சொன்னாங்க. 2020 ஜனவரில டெட்ராயிட் போலீஸ் ஒரு கருப்பின மனுஷனை, கடைல வாட்ச் திருடினது நீதான்னு மெஷின் சொன்னதை நம்பி, வீட்டு முன்னாடி பொண்டாட்டி பிள்ளைங்க பார்க்க விலங்கு மாட்டிக் கூட்டிட்டுப் போனாங்க. திருடினது அவர் இல்ல. 2020 ஜூன்ல ஐபிஎம் பொதுப்பயன்பாட்டு முக அடையாள வியாபாரத்தையே விட்டுருச்சு, அமேசான் போலீசுக்குக் குடுக்கறதை நிறுத்தி வச்சது. இந்த மொத்த விவாதத்துலயும் ஒரு மாஸ்டர்ஸ் தீசிஸோட கை இருக்கு.

மார்ச் 7

நேத்து எழுதினது எல்லாம் அமெரிக்கக் கதை, நமக்கென்னன்னு தோணலாம். 2023 ஜனவரி 1ல இருந்து நூறு நாள் வேலைல ஆப்லதான் வருகைன்னு ஆச்சு, காலைல ஒரு போட்டோ, மத்தியானம் ஒரு போட்டோ. அப்ப அது முகத்தை அடையாளம் பார்க்கறதுகூட இல்ல, வெறும் போட்டோ, அதுக்கே சிக்னல் இல்ல, போட்டோ ஏறலன்னு வேலை செஞ்ச நாள் விட்டுப்போச்சுன்னு எவ்ளோ பேர் அலைஞ்சாங்க. அங்கன்வாடில சத்துமாவு வாங்க முகம் பதியணும்னு வந்துருச்சு. ரேஷன் கடைல ரேகை விழலன்னு திரும்பி வந்த பாட்டிங்களை நாம எல்லாருமே பார்த்திருக்கோம், களையெடுத்து, பாத்திரம் தேய்ச்சு ரேகையே தேஞ்சு போன கை அது.

இந்த ஆப்பெல்லாம் எழுதறவங்க யாருன்னு நினைக்கறீங்க? நாலஞ்சு வருஷம் முன்னாடி இதே ஃபைனல் இயர் ரிவ்யூல நின்ன பசங்கதான். அங்க கேட்காத கேள்வியை டெட்லைன் வச்சு வேலை செய்யற இடத்துல கேட்கவா போறோம்?

மார்ச் 18

டேட்டா பத்தி. ஓனர் பசங்ககிட்ட, "எல்லா போட்டோவையும் ஒரு பென்டிரைவ்ல போட்டுக் குடுத்துருங்க தம்பி"ன்னு கேட்டிருக்கார். கெட்ட எண்ணம் எதுவும் இல்ல, அவர் நல்ல மனுஷன். ஆனா 18, 19 வயசுப் பொண்ணுங்க முகம் அது, அனேகமா ஒவ்வொருத்தருக்கும் 50 படம். பாஸ்வேர்டைத் திருடினா மாத்திக்கலாம், முகத்தை என்ன பண்றது? 2023ல தனிநபர் தரவுச் சட்டம் வந்தாச்சு, எதுக்கு எடுக்கறோம்னு சொல்லி சம்மதம் வாங்கணும்ங்கறது அதோட அடிப்படை. பசங்க தமிழ்லயும் ஹிந்திலயும் ஒடியாலயும் ஒரு பக்கம் அடிச்சு, படிச்சுக் காட்டி வாங்கினானுங்க. எட்டு பேர் வேண்டாம்னுட்டாங்க. அவங்களுக்கு நோட்டு தொடரும்னு ஓனர் ஒத்துக்கிட்டார். வேண்டாம்னு சொல்ல வழி இருந்தாத்தான் அது சம்மதம்.

படங்களை அழிச்சுட்டு 128 எண்ணை மட்டும் வச்சுக்கலாம்னு தம்பி சொன்னான். பரவாயில்ல, ஆனா அந்த எண்ணும் அந்த ஆள்தான், வேற கேமராவோட கோர்த்தா அங்கயும் அவங்களைக் காட்டும். வேலையை விட்டுப் போனா அன்னைக்கே அழியணும்னு எழுதச் சொல்லியிருக்கேன், இவ்ளோ பேர் வந்து வந்து போற ஊர்ல அது முக்கியம்.

ஏப்ரல் 4

மூணாவது ரிவ்யூ முடிஞ்சுது. 97% போய் 91% ஆயிருச்சு, வேற நாள் படத்துல சோதிச்சதால. பக்கத்து டீம் 98.6% போட்டிருந்தாங்க. கைடு முதல்ல முகம் சுளிச்சார், எதுக்குடா இருந்த நம்பரை இறக்கறீங்கன்னார். தம்பி லாக் டேபிளைத் திருப்பிக் காட்டினான்: ஆள் வாரியா எத்தனை நாள் வந்து நின்னாங்க, எத்தனை நாள் தெரியலன்னுச்சு, பேர் இல்லாம, செக்ஷனும் வயசும் மட்டும். அதைப் பார்த்துட்டு அவர் கொஞ்ச நேரம் பேசல, அப்புறம், இதை ரிசல்ட்ஸ் சேப்டருக்குள்ள கொண்டு வா, கடைசில போடாதன்னார்.

கேட் விஷயத்துல மாத்தினது: டேபிளைக் கேட்டுக்கு உள்ள திருப்பி, ஆள் வடக்குப் பார்த்து நிக்கற மாதிரி வச்சாச்சு, மேல ஒரு எல்இடி பட்டி. ஹார் போய் வேற டிடெக்டர் வந்தாச்சு. வாட்ச்மேன் கைல பட்டன். ரெண்டு தடவைக்குள்ள தெரியலன்னா ஆள் நேரா உள்ள போகலாம், நேரம் வந்து நின்ன நேரத்துலயே பதியும், ஒதுங்கி நிக்க வேண்டியதில்ல. பிசிர் அம்மாவுக்கு இப்ப பெரும்பாலும் பச்சைக் கட்டம் வருது. வராத நாள் வாட்ச்மேன் அமுக்கிடறார். நோட்டு இன்னும் டேபிள்ல இருக்கு, அதை எடுக்கறதுக்கு நான் இன்னும் சம்மதிக்கல, ஓனர்கிட்ட தீபாவளி வரைக்கும் ரெண்டும் ஓடட்டும்னு சொல்லியிருக்கேன்.

ஏப்ரல் 5

சேப்டர் டெம்ப்ளேட் கேட்டவங்களுக்கு: டெம்ப்ளேட் தர மாட்டேன், அதையும் காப்பி பண்ணிடுவீங்க. உங்க சிஸ்டம் யாரைத் தெரியலன்னு சொல்லுது, அப்ப அந்த ஆளுக்கு என்ன போகுது, அவங்க யார்கிட்ட போய்ச் சொல்லலாம், அவங்களை நீங்க நேர்ல பார்த்தீங்களா. இதுக்குப் பதில் எழுதுங்க, ரெண்டு பக்கம் பத்தாது.

கோடு கேட்டவங்களுக்கு: வைவா முடிஞ்சதும் படங்களும் எண்களும் இல்லாம கோடு மட்டும் பொதுவுல போடறதா பசங்க சொல்லியிருக்கானுங்க. வாட்ச்மேன் பட்டன் அதுலயே வரும், அதை எடுத்துட்டு யூஸ் பண்ணாதீங்க.